நகராத கோடு

ஜூன் 3, 2025, செவ்வாய்

அக்கா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு உட்கார்ந்தேன். ஆய்வுப் பத்திரிகையில் எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அச்சுக்கு முன் கடைசித் திருத்தம் அனுப்ப 13-ஆம் தேதி வரை நேரம். எங்கள் அணுக்கரு, இதுவரை அதில் யாரும் பார்த்ததைவிட வேகமாகச் சுழல்கிறது என்பதுதான் செய்தி. அதற்கு ஒரே சாட்சி, 1014 keV ஆற்றலில் தெரியும் ஒரு காமாக் கதிர்க் கோடு. படம் இன்னும் தெளிவாகட்டும் என்று, பக்கவாட்டு டிடெக்டர்களோடு முன்பக்க டிடெக்டர்களின் பதிவையும் எடுத்துப் பார்த்தேன்.

மற்ற கோடுகளெல்லாம் நகர்ந்தன. அது நகரவில்லை.

ஜூன் 4, புதன்

பின்பக்கத்திலும் அப்படியே.

அணுக்கரு பறந்துகொண்டே காமாவை விடுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஆற்றல் கூடித் தெரிய வேண்டும், பின்னாலிருந்து குறைந்து. எல்லாப் பக்கமும் ஒரே இடத்தில் நின்றால், அது பறக்காத ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. நியூட்ரான் பட்டால் அலுமினியம் 1014-இல் காமா விடும். சோதனை நடக்கும் எங்கள் சேம்பரே அலுமினியம்தானே. அந்தக் கோடு எங்கள் அணுக்கருவினுடையதே அல்ல.

ஐந்து வருஷ ஆய்வு. இதைப் பார்க்காமல் எப்படி இருந்தேன்?

ஜூன் 6

யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 7, சனி

"இன்னாடி ரஞ்சனி, மூஞ்சியே சரியில்ல? லேப்டாப்பத் தொறக்கறே, மூடறே."

சொன்னேன். சசிரேகா அக்கா ஒரகடத்தில் கார் பாக ஆலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள். தவறு என்றால் அவளுக்குப் புரியும்.

"உங்க சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லலைன்னா யாராவது கண்டுபுடிப்பாங்களா?"

"எப்பவாவது. திரும்பச் செஞ்சு பார்த்தா."

"அதுவரைக்கும் இப்படியே சாப்பிடாம கெடப்பியா?"

ஜூன் 9, திங்கள்

என் ஆய்வு வழிகாட்டி நெல்லையப்பன் சாரிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சந்தேகம்தான? முடிவாத் தெரியாதுல்லா?"

"தெரியும் சார்."

"முன்பக்க டிடெக்டர் ரெண்டு அன்னைக்கே மக்கர் பண்ணுச்சு."

"அதே டிடெக்டர்ல மத்த கோடெல்லாம் சரியா நகருது சார்."

"இத வச்சுத்தான் ப்ராஜெக்ட் நீட்டிப்புக்கு எழுதியிருக்கேன். நீ விண்ணப்பிச்ச போலந்து வேலையும் இத வச்சுத்தான். வெளிய வரட்டும்மா. பொறவு பார்ப்போம்."

"அப்ப என் பேரை எடுத்துடுங்க சார்."

நானா சொன்னேன்? "நீ போ" என்றார். அவ்வளவுதான்.

பேருந்தில் ஒரகடத்தில் இறங்க மறந்து வாலாஜாபாத் வரை போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சார் போன் எடுக்கவில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. நாளை கடைசி நாள். அவர் அப்படியே அனுப்பிவிட்டால்? பத்திரிகைக்கு நானே எழுதி வைத்திருக்கிறேன் — அனுப்பல. கை வர மாட்டேங்குது. கோடுகளோட ஸ்பெக்ட்ரத்தை எப்படிப் படிக்கணும்னு சொல்லிக் குடுத்ததே அவருதானே.

ஜூன் 13, வெள்ளி

11.10-க்கு அனுப்பினேன். ஒளித்துச் செய்ததாக இருக்கக் கூடாது என்று அவருக்கும் ஒரு பிரதி.

11.45-க்குப் பத்திரிகை ஆசிரியரின் பதில்: "பேராசிரியர் நெல்லையப்பன் நேற்று மாலையே எழுதிவிட்டார். கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறோம்."

நேற்று மாலையே.

ஒரு நாள் அவரை நம்பியிருக்கக் கூடாதா நான்? அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ஜூலை 2, புதன்

போலந்திலிருந்து பதில் வந்துவிட்டது. இந்த ஆண்டு இயலாதாம். அக்கா மெயிலை வாங்கிப் படித்தாள், புரிந்ததோ இல்லையோ. "வா, சாப்டுவோம்" என்றாள். சாப்பிட்டேன்.

ஜூலை 11

நேற்று லேபுக்குப் போனேன். சார் என்னைக் கடந்து போனார். அமலன்தான், எனக்கு அடுத்து ஆய்வு செய்பவன், தலையை மட்டும் ஆட்டினான். அந்தக் கோட்டை நீக்கிக் கட்டுரையைத் திரும்ப எழுதுகிறேன். சின்னதாகிவிட்டது. மிச்சமிருப்பதெல்லாம் நிற்கும்.

ஜூலை 25, வெள்ளி

சார் என்னிடம் பேசி ஆறு வாரம். இன்று மதியம் மெயில். அமலனின் புதிய படங்கள், கீழே ஒரே வரி: "நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் இதை வெளியே அனுப்புவேன்."

இரண்டு மணி நேரம் பார்த்தேன். "மூன்றாவது படத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது சார்" என்று எழுதினேன். அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரிடமிருந்து பதில்:

"திங்கட்கிழமை வா. பத்து மணிக்கு."