பெருக்காத மூலை

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ வேளைக்குச் சாப்பிடுவதாகப் போனில் சொல்வதை நான் நம்பவில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டே இரு.

வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டை வெட்டி லாரி நிறுத்தப் போகிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதைத் தடுக்க ஒரே வழி அங்கே வளரும் அபூர்வமான காட்டு லில்லிதானாம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருக்குமே, அந்த வெள்ளைப் பூ. விதையிலிருந்து பூக்க ஏழு வருஷம், அதுவரை ஒற்றை இலையோடு நிற்கும், நீ ஏழாம் வாய்ப்பாட்டில் நின்ற மாதிரி. வனத்துறை அதிகாரி ஒரு பூவையாவது கண்ணால் பார்த்துவிட்டால் காட்டைத் தொட மாட்டார்களாம். செவ்வாய்க்கிழமை வருகிறார் என்றதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த உடம்பு இல்லையா, திங்கட்கிழமையே அப்பாவை இழுத்துக்கொண்டு போய்க் காட்டைப் பெருக்கிவிட்டேன். ஆமாம், காட்டைத்தான். பதினொரு சாக்குச் சருகு. டீச்சர், மரத்துக்கெல்லாம் தலை வாரி விடவா என்று கேட்டுவிட்டு, உன் அப்பா ஒரு மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக் குறட்டை விட்டார். அந்தச் சருகுதான் லில்லிக்குப் போர்வை என்று எனக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மொட்டெல்லாம் துவண்டு கிடக்கிறது, பாதி என் துடைப்பத்தோடு போயிருந்தது.

சாக்குகளை அவிழ்த்து இருவரும் வாரி இறைத்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டாள், உன் வயசுப் பெண். ஏம்மா, காட்டுல குப்பை கொட்டுறீங்க என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். பாவம், அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றித் தேடினாள், ஒரு பூ இல்லை. நோட்டை மூடப் போனவள் சட்டென்று குனிந்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால், அவர் பெருக்காமல் தூங்கிய மூலையில், சருகுக்குள் சொகுசாக மூன்று பூ! இந்த இடத்தை யார் பாதுகாத்தது என்று கேட்டாள். நான்தாம்மா என்று உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

காடு பிழைத்துவிட்டது, நான்தான் மாட்டிக்கொண்டேன். பாத்திரம் கழுவச் சொன்னால், இருக்கட்டும் டீச்சர், அடியில ஏதாவது பூத்திருக்கும் என்கிறார்.

நல்ல உடம்பும் நல்ல தூக்கமுமாக நீண்ட காலம் இரு, கண்ணே. நீயும் வீட்டை ஓயாமல் துடைக்காதே, ஒரு மூலையை விட்டு வை. காட்டில் ஒற்றை இலைகள் இருபத்தாறு மிஞ்சியிருக்கின்றன, தினமும் போய் அட்டென்டன்ஸ் எடுக்கிறேன். ஏழு வருஷத்தில் பூக்கும், அப்போது நீ கட்டாயம் வர வேண்டும், மறந்துவிடாதே. அதற்கு முன்னாலேயே வந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

துடைப்பத்தைப் பரணில் போட்டுவிட்ட,
உன் அம்மா