பட்டன் மேல வெச்ச பொட்டு

வெள்ளிக்கிழமை, விஜயதசமிக்கு மறுநாள்

ரெண்டு நாள் லீவு முடிஞ்சு ஜெராக்ஸ் கடைய இன்னைக்குத்தான் திறந்தோம். கம்ப்யூட்டர் ஆன் ஆகல. வயர், பிளக் எல்லாம் மாத்திப் பார்த்தேன், உள்ள இருக்குற ஃபேன்கூட சுத்தல. வெளியில ஹால் டிக்கெட் எடுக்க ஜனம் நிக்குது. "கடைசியா நீதானே ஆஃப் பண்ணே?"ன்னு முதலாளி என்கூட வேலை பாக்குற ரேவதிய ஜாஸ்தியாவே திட்டிட்டாரு.

மெக்கானிக் வந்து பவர் பட்டனைச் சுத்தி ஊசியால கிளறினாரு. காய்ஞ்ச சந்தனம் உதிர்ந்துச்சு. பட்டன் அசையாம இறுகிப்போயிருக்கு.

"யாருங்க இதுமேல பொட்டு வெச்சது?"

ஆயுத பூஜைக்கு வெச்சது நான்தான். குனிஞ்சு வயரைச் சுருட்ட ஆரம்பிச்சேன். ரேவதி, "நான்தாங்க"ன்னா. முதலாளி என்னைப் பார்த்தாரு. எல்லாருக்கும் டீ சொன்னாரு.

அவ எதுக்கு அப்படிச் சொன்னா? புரியல. பூஜையன்னைக்கு அவ கீழ்பென்னாத்தூர்ல அவங்க வீட்டுல இருந்தா. பூஜைக்கு வர வேண்டாம்னு அவளுக்கு லீவு குடுத்ததே முதலாளிதான்.