ஏரிக்கு மேலே பறந்து போய் ஒரு தாயைக் கொண்டுவந்தோம்

என் ஆசை அண்ணாத்தே,

உட்கார்ந்துகொண்டு கேள். நின்றபடி கேட்டால் விழுந்துவிடுவாய். உன் தங்கச்சி ஹெலிகாப்டரில் போய்வந்தாள்! வேடிக்கை பார்க்க இல்லை, வேலைக்கு. ஆவடி மைதானத்தில் ஏறி, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் இறங்கி, பிள்ளைவலியில் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நம் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நடந்து நாளாகிவிட்டது, இன்னும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ ஏழுமலை. நான் நர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் வேன் ஓட்டினாய். எண்பதுகள் முழுக்க அம்பத்தூர், ஆவடி, மாங்காடு, பூந்தமல்லி என்று உன் சைரன் கேட்காத தெரு கிடையாது. போன ஆடியில் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் மார்வலி என்று உட்கார்ந்தாய், அவ்வளவுதான். நீ ஓட்டிய வண்டியிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு போனோம். வழி முழுக்க நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உனக்குக் கேட்டதா?

உனக்கு ஹெலிகாப்டர் என்றாலே ஆகாது. தேர்தல் சமயத்தில் மைதானத்தில் ஒன்று இறங்கியபோது ஊரே ஓடியது. நீ மட்டும் டீக்கடையை விட்டு அசையவில்லை. "அது பெரியாளுங்க மாலை போட்டுக்கினு எறங்குற வண்டிமே. நம்ம ஜனத்துக்கு இந்த நாலு சக்கரந்தான். ஆபத்துன்னா அது வருமா, நான் வருவனா?" என்றாய். நானும் சிரித்தேன். நீ சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு நாள் நீ அப்படிப் பேசவில்லை. பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கிராமத்தில் பாம்பு கடித்த ஆளை எடுத்துவரப் போனோம். மழையில் தரைப்பாலம் உடைந்து கிடந்தது. அந்தக் கரையில் கயிற்றுக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். இந்தக் கரையில் நாம். நடுவில் காவித் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. "நாம வந்துட்டோம்னு அவங்களுக்குத் தெரியட்டும்" என்று நீ சைரனை நிறுத்தாமல் அடித்தாய். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். அப்புறம்தான் நீ சைரனை நிறுத்தினாய். பிறகு வண்டியைத் திருப்பினாய்.

இப்போது இந்த ஐப்பசிக்கு வருகிறேன். இந்த வருஷ மழை மழையே இல்லை அண்ணாத்தே, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வடக்கே பொன்னேரிப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதற்காக ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று வந்து, நம் ஆவடி மைதானத்தில் பொட்டலம் ஏற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. மைதானத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து புளிசாதம் கட்டினார்கள். அண்ணியும் போயிருந்தாள்.

அன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கக் குப்பத்தில் லட்சுமி என்று ஒரு பெண். இரண்டாவது பிரசவம். குழந்தை குறுக்கே திரும்பி, ஒரு கை மட்டும் வெளியே வந்துவிட்டது. காற்றில் படகு விட முடியவில்லை. அங்கிருந்த போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் சொல்ல, பொட்டலம் போடும் ஹெலிகாப்டரையே அனுப்புவதாக முடிவாகியிருக்கிறது. கூடப் போக ஒரு நர்ஸ் வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி நம்முடையது.

நம் பெரிய டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். "செல்வி, நீ போறியா? கட்டாயம் இல்லம்மா. பயமா இருந்தா சொல்லிடு."

"போறேன் மேடம்" என்றேன்.

"கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, உள்ள தள்ளவும் கூடாது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. குளுக்கோஸ் ஏத்து. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ கொண்டுவா. தியேட்டர் தயாரா இருக்கும்."

உன் இடத்துக்கு வந்திருக்கும் பாபு அண்ணன்தான் வேனில் மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பொட்டலங்களை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஸ்ட்ரெச்சரை வைத்தார்கள். பைலட் வடக்கத்திக்காரர். உதவிக்கு இருந்த சிப்பாய் நாகர்கோவில்காரர். "சிஸ்டர், பெல்ட்டைப் போட்டுக்கோங்க. சத்தத்துல நான் பேசுறது கேக்காது, கையைப் பாருங்க" என்றார். அப்புறம் எல்லாமே நடுங்கியது. என் பல், என் பை, பாட்டில், எல்லாம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது நம் சேக்காடு கீழே போய்க்கொண்டிருந்தது! நம் வீட்டு ஓட்டைக்கூடப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன். தண்டவாளம் தெரிந்தது, தொழிற்சாலைக் கூரைகள் தெரிந்தன. நீ கஷ்டப்பட்டு வளைந்து வளைந்து ஓட்டின ரோடெல்லாம் ஒரே பார்வையில் முடிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணாத்தே. ஒரு உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, எனக்கோ சிரிப்பு! பக்கத்தில் நீ இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய்.

அப்புறம் ரோடே இல்லை. தண்ணீரும் பனைமரமும்தான். எது ஏரி, எது வயல் என்று தெரியவில்லை. பைலட் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாலைந்து திட்டுகள் தெரிந்தன, எதில் அந்தக் குப்பம் என்று புரியவில்லை. அப்போது சிப்பாய் கையை நீட்டினார். ஒரு மணல்மேட்டின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் புடவைகள் விரித்துக் கிடந்தன. நாலு முனையிலும் பெண்கள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வாருங்கள் என்று கூப்பிடுவதற்காக ஊரே தன் புடவையை எடுத்து விரித்திருக்கிறது!

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சிப்பாயின் முகம் மாறிப்போனது. கீழே இறங்க இறங்க, மேலே சுழல்கிற விசிறியின் காற்றில் புடவைகள் படபடவென்று எழும்பின. ஒன்று பறந்து வந்து விசிறியில் மாட்டினால் அவர்களும் இல்லை, நாங்களும் இல்லை. அவர் கதவோரம் நின்று கையை ஆட்டினார். கீழே இருந்தவர்கள் நாங்கள் வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டினார்கள். பைலட் மறுபடியும் மேலே தூக்கிவிட்டார். திரும்பிப் போகப்போகிறோம் என்று நினைத்துக் கீழே ஒரு பெண் மணலில் விழுந்து கும்பிட்டாள்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. மடியில் இருந்த போர்வையை உதறி விரித்துக் காட்டினேன். பிறகு அதைக் மளமளவென்று சுருட்டி, அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து விரித்தேன், சுருட்டினேன், உட்கார்ந்தேன். சிப்பாய் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை ஒரு உயரமான கிழவிக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது. அவ்வளவுதான், அத்தனை பெண்களும் புடவைகளைச் சுருட்டி வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு மணலில் குப்புறப் படுத்துவிட்டார்கள். நாங்கள் இறங்கினோம்.

அந்த உயரமான கிழவிதான் லட்சுமியின் மாமியார். புடவை விரித்து வண்டியைக் கூப்பிட்டவளே, மருமகளைத் தூக்கிவரும்போது குறுக்கே நின்றாள். "இத்த நெருக்கத்துல பாத்தா எனுக்கு நெஞ்சே அடைக்குது. இன்னா சத்தம் போடுது! மேல போனா பயத்துலயே என் மருமவ பூடுவா. வாணாம்மா, உட்டுடு" என்று அழுதாள். லட்சுமியின் புருஷன் அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போது கயிற்றுக்கட்டிலில் இருந்து லட்சுமியே பேசினாள். உதடெல்லாம் வெடித்துப் போயிருந்தது. "அத்தே, இங்கியே கெடந்தா நானும் போவேன், உள்ள கீறதும் போவும். மேலயே போறேன். கைய உடு."

கிழவி கையை விட்டாள்.

ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். புருஷன் ஏறினான். குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட இடமில்லை. சிப்பாய் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றார். ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை, சத்தம்தான். லட்சுமியின் மணிக்கட்டில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை வைத்தபடி இருந்தேன். நாடி நூல்போல ஓடியது. ஒருமுறை அவள் கண் மேலே சொருகியது. "லட்சுமி! ஏ லட்சுமி!" என்று அவள் காதுக்குள் கத்தினேன். அவள் என் விரல்களை நசுக்கினாள் பார், அந்த வலியில்தான் எனக்கு உயிரே வந்தது. வயிற்றுக்குள் ஒரு சின்ன உதை. எங்கேயோ அடியில், மெதுவாக. காதால் கேட்பதைவிடப் பெரிது அண்ணாத்தே, கையால் தொடுவது.

மைதானத்தில் பாபு அண்ணன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமான வழியில் முழங்கால் தண்ணீர். குவார்ட்டர்ஸ் உள்ரோட்டில் திருப்பினார், அங்கேயும் வண்டி நின்றுவிட்டது. சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் புளிக் கையோடு ஓடிவந்து தள்ளினார்கள். "தள்ளுங்கமே, உள்ள புள்ளத்தாச்சி கீறா!" என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் நம் அண்ணி! அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. உன் குரல் மாதிரியே இருந்தது.

பெரிய டாக்டரம்மா காத்திருந்தார். தியேட்டருக்குள் நானும் போனேன். பெண் குழந்தை. நீலமாக வந்தது. அழவில்லை. டாக்டரம்மா சளியை உறிஞ்சி, முதுகைத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்தார். அப்புறம் ஒரு கீச்சுக் குரல், பூனைக்குட்டி மாதிரி. அடுத்து ஒரு அலறல்! ஹெலிகாப்டர் சத்தமெல்லாம் எந்த மூலைக்கு? நான் வெளியே ஓடிவந்து லட்சுமியின் புருஷனிடம் சொன்னேன். அவன் என் காலில் விழப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரெண்டு பேரையும் பார்த்து வாட்ச்மேன் அழுதார்.

தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். வெளியே வந்த அந்தச் சின்னக் கை மட்டும் கொஞ்ச நாள் வீங்கியிருந்தது. இப்போது ஊசி போடக் கொண்டுவரும்போதெல்லாம் அதே கையால்தான் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் மாமியார் வந்தாள். ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்தாள். வார்டு பூராவும் நாறிப்போய், ஹெட் சிஸ்டர் என்னைத் திட்டினார். கிழவி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். ரகசியமாகக் கேட்டாள்: "ஏம்மா, எனுக்கு ஒடம்பு ஒண்ணும் இல்ல. ஆனா எனுக்கும் ஒரு தபா அதுல ஏத்திக்கினு போவியா?" சிரித்து சிரித்து எனக்கு விலா வலித்தது.

உன் மச்சான், என் வீட்டுக்காரருக்குத்தான் கோபம். ஷிப்ட் முடிந்து வந்தவர், "இன்னாமே, என்கைல ஒரு வார்த்த சொல்லாம ஆகாசத்துல பூட்ட?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மேலேர்ந்து நம்ம ஊடு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். விடிய விடியச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி மழைக்காலத்தில் இப்படி அழைப்பு வந்தால் யார் போவது என்று டாக்டரம்மா கேட்டார். முதலில் உயர்ந்த கை என்னுடையது. எல்லா ஊருக்கும் அது வந்துவிடாது என்று எனக்குத் தெரியும் அண்ணாத்தே. பொட்டலம் போடப் பக்கத்தில் நின்றதால் வந்தது. நிற்காமல் இருந்திருந்தால்? அதைத்தான் டாக்டரம்மா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார், பெரிய அதிகாரிகளிடமும். நானும் பக்கத்தில் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யாரும் இதுவரை எழுந்து போகவில்லை.

உனக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன், வைத்துக்கொள். கூப்பிட்டால் போவேன். சோறு பாதியில் இருந்தாலும் கையைக் கழுவிவிட்டுக் கிளம்புவேன். மழையோ காற்றோ, பைலட் வருகிறேன் என்றால் நானும் வருகிறேன் என்பேன். நீ எனக்காகப் பயப்படாதே. மேலே போகும்போது உனக்குக் கொஞ்சம் கிட்டத்தில்தானே வருகிறேன்?

உன்கூடப் பொறந்தவள்,
செல்வி
சேக்காடு