காற்றில்லாத மழைக்கு ஒரு ஜெபம்

நவ. 5, ஞாயிறு

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். நம் பெனி இப்போதுதான் தூங்கினான். உங்களிடம் பேசுவது போலத்தான் எழுத வருகிறது. காட்டுவேனா, தெரியாது.

இன்றும் வெயில். ஐப்பசி போலவே இல்லை. உங்கள் தம்பி விதைத்த கொத்தமல்லி விரல் உயரத்தில் நின்றுவிட்டது. கண்மாயில் ஆடு மேய்கிறது.

வாங்க: சீமெண்ணெய், கிரைப் வாட்டர், பெனிக்குச் செருப்பு.

பேப்பரில் ஒரே பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள். பூமி சூடானால் கடலும் சூடாகும், புயலுக்கு இரையே அந்தச் சூடுதான், ஆகவே இனி வருபவை மோசமாக இருக்கும் என்கிறார் ஒருவர். மற்றவர், புயல் சில வருஷம் கூடும், சில வருஷம் குறையும், இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்கிறார். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. அதுதான் பயம்.

வேலை பார்க்கும் ஊரிலிருந்து சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்: "வேம்பார்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தாயிற்று. வாசலில் நின்றால் கடல். தை பிறந்ததும் பிள்ளையோடு வந்துவிடு."

வாசலில் நின்றால் கடல்.

நவ. 7, செவ்வாய்

ரேடியோவில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. நம் பாலவனத்தம் முழுக்கச் சந்தோஷம். பஸ்ஸில் ஒருவர், "புயலாயிருமாம்ல" என்று கல்யாணச் சேதி மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

சாப்பிடும்போது தம்பியிடம் அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "ஒருத்தரு கூடும்ங்கிறாரு, ஒருத்தரு தெரியாதுங்கிறாரு. எம் மல்லிக்கு யாரு மதினி பதில் சொல்றது?"

செருப்பு வாங்க மறந்தாயிற்று.

நவ. 9, வியாழன்

மேகம். புழுக்கம். பெனிக்கு வேர்க்குரு.

பெண்கள் ஜெபக் கூட்டம். வழக்கம்போலச் சீட்டு எடுத்தோம். எடுத்தவள் சீட்டில் எழுதியிருக்கும் காரியத்துக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எனக்கு வந்தது 'மழை'. ரேடியோ சொன்ன புயல் நம் பக்கம் திரும்பும்படி கேள் என்று பக்கத்தில் இருந்த அக்கா காதில் சொன்னார்.

முழங்காலில் நின்றேன். வாசலில் கடல் இருக்கிற அந்த வீடுதான் கண்ணுக்குள் வந்தது. "மழையைத் தாரும் ஆண்டவரே, காற்று மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர்தான் ஆமென் சொன்னார்கள்.

வரும் வழியில் அத்தை: "ஏன் எஸ்தரு, ஆண்டவருக்கே கண்டிசன் போடுறியா?"

நவ. 11, சனி

புயல் வடக்கே போய்விட்டது. அங்கே கூரைகள் பறந்தனவாம். இங்கே ஒரு தூற்றல்கூட இல்லை. ரேடியோவைக் கேட்டதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. யார் வீட்டுக் கூரையோ போனதற்கா இந்த நிம்மதி?

சாயங்காலம் தம்பி மல்லிக் காட்டிலிருந்து வந்து கால் கழுவினார். மல்லி மஞ்சளாகிவிட்டது.

அத்தை சோறு போட்டுக்கொண்டே சொன்னார்கள், கோபமாக இல்லை, "காத்து வேணாம்ன, வரல. மழையும் வரல. ஒன் ஜெபத்துல பாதியத்தான் கேட்டிருக்காரு." தம்பிகூடச் சிரித்துவிட்டார். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

நவ. 12, ஞாயிறு

பழைய பேப்பரை எடுத்து மறுபடி படித்தேன். நிரூபிக்கப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. வரும் என்றும் அர்த்தமில்லை. அவர்கள் பேசித் தீர்ப்பதற்குள் பெனி தகப்பனாகிவிடுவான். தை அதுவரை காத்திருக்காது. மேகம் வருவதும் அதே கடலிலிருந்துதான், காற்று வருவதும் அதிலிருந்துதான். ஒன்றை மட்டும் கொடு என்று கேட்டது படித்தவள் செய்கிற காரியமா?

இங்கே இருந்தாலும் பயந்துகொண்டுதான் இருப்பேன், உங்களுக்காக. அதற்குப் பதில் மூன்று பேரும் அங்கே ஓரிடத்தில் இருக்கலாம்.

இந்தப் பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்து நாளைக்குத் தபாலில் போடுகிறேன். மூன்று விஷயம் தெரிய வேண்டும். வீட்டுக் கூரை ஓடா, காங்கிரீட்டா? போன புயலில் தண்ணீர் எதுவரை வந்தது? அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள்? உங்கள் ஊகம் வேண்டாம், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

பதிலைச் சீக்கிரம் போடுங்கள்.