நாற்பத்து நான்கு கைகள்

லேர்வீக்,
மார்ச் 9

அன்பு மகள் இல்வாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் புதிய இடுப்பு மூட்டு மட்டும் படி இறங்கும்போது முனகுகிறது, ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை. அங்கே போர்த்தோவில் நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று, காலையில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துவைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இன்று பூஜ்யத்துக்குக் கீழே நான்கு. ஏரியின் பனிக்கட்டி இன்னும் ஆளைத் தாங்குகிறது, ஆனால் கரையோரம் கறுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடு. "எனக்காக நீ கை தூக்கலையாமேப்பா, நெஜமா?" என்று நீ கேட்டது காதிலேயே நிற்கிறது. சொந்த அப்பாவே என்னை நம்பாத ஊருக்குப் பயிற்சியாளராக வந்து என்ன செய்யப் போகிறேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா என்று யோசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். உனக்கு வந்த செய்தி உண்மைதான். நான் கை தூக்கவில்லை. பேச்சில் எனக்கு எதுவும் வரிசையாக வராது, அதனால் எழுதுகிறேன். முதல் இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது.

கால்பந்துச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போலப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லா விஷயமும் முடிந்த பிறகுதான் காப்பியும் பச்சை மார்சிபன் பாதாம் பூச்சுக் கேக்கும் என்பது உனக்குத் தெரியும், அதனால் ஆறு மணிக்கு மேல் தலைவர் எதைக் கேட்டாலும் கூட்டம் "சரி" என்றுதான் கத்தும். இந்த முறை எண்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள், நான் எண்ணினேன். ஆண்கள் அணிக்கு உன்னைப் பயிற்சியாளராக எடுப்பதா என்பது கடைசி விஷயம். குழாய் வேலை செய்யும் ரோலண்ட் எழுந்து, "இல்வா நல்ல பொண்ணுதான், நான் இல்லைங்கல. ஆனா பதினாறு வருஷம் ஆடி மொத்தம் பதினோரு கோல். அதைவிட எங்க வீட்டு நாய் கூடப் போட்டிருக்கும்" என்றார். சிரித்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டேன், அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். பிறகு கோல்கீப்பர் மெல்கெர், அதுதான் இப்போதைய அணித் தலைவன், எழுந்தான். "போன கோடையில இல்வா லீவுக்கு வந்தப்ப ஒரே ஒரு சாயங்காலம் எங்ககூட நின்னாங்க. பந்து வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தோளுக்கு மேலயும் திரும்பிப் பாருங்கன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஏழு ஆட்டம் நாங்க தோக்கல. ரோலண்ட், உங்க நாயைக் கூட்டிட்டு வாங்க, அது என்ன சொல்லித் தருதுன்னு பாப்போம்" என்றான்.

அவன் அதைச் சொன்னபோது எனக்கு எது நினைவுக்கு வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். உனக்கு ஒன்பது வயதில் நடந்த முதல் ஆட்டத்தில் நீ அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தாய். எங்களைத்தான் தேடுகிறாய் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் நான் கையை உயர்த்தி ஆட்டினேன். வீட்டுக்கு வந்து, "கை காட்டாதப்பா, யார் எங்க நிக்கிறாங்கன்னுதான் பாக்குறேன், உன்னை இல்ல" என்றாய். அன்றிலிருந்து உன் ஆட்டங்களில் கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், குறிப்பெடுக்க மட்டும் வெளியே எடுப்பேன். மற்ற அப்பாக்கள் கோலை எண்ணினார்கள். எனக்கு ஆட்டம் புரியாததால், நில அளவை அலுவலகப் பழக்கத்தில், நீ எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறாய் என்று எண்ணி எழுதினேன். யோட்டேபோரி நகரில் ஒரு மழை நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு. ஜெர்மனியில் முழங்கால் அறுவைக்குப் பிறகு முதல் ஆட்டத்தில் அறுபதுதான், அன்று ஓட்டல் அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தேசிய அணிக்கு ஆடிய பதினான்கு ஆட்டங்களுக்குத் தனி நோட்டு. பார்த்துவிட்டு நீ தட்டிவிட்ட பந்தில் எத்தனை பேர் கோல் போட்டார்கள் என்று யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் ரோலண்டுக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம்.

சங்கத் தலைவர் ஸ்டெல்லான் வாக்கெடுப்புக்கு விட்டார். "சரி" என்றும் "வேண்டாம்" என்றும் இரண்டு சத்தம். "வேண்டாம்தான் பெருசாக் கேக்குது" என்று சுத்தியலை உயர்த்தினார். கேக்கை வேறு உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சுத்தியல் மேசையைத் தொடுவதற்கு முன் யாராவது ஒரு உறுப்பினர் எண்ணச் சொன்னால் கைகளை எண்ணியே ஆக வேண்டும், தொட்டுவிட்டால் முடிந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கூட்டக் குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான், அந்த விதி எனக்குத் தெரியும். ஒருமுறைகூட அங்கே வாயைத் திறந்ததில்லை. எழுந்து "எண்ணணும்" என்றேன், எனக்கே கேட்கவில்லை. நல்ல வேளையாக எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "என்ன எவெர்ட், ஒடம்புக்கு முடியலையா?" என்றார் ஸ்டெல்லான். "எண்ணணும். கையை எண்ணணும்" என்றேன். ரோலண்ட் உடனே, "மகள்னதும் ஊமைக்கும் வாய் வருது பாருங்கப்பா!" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை உட்காரவைத்தது. விதிப்படி நான் வாக்களிக்கலாம், முந்தின நாளே இரண்டு முறை பார்த்துவைத்திருந்தேன். ஆனால் எண்ணச் சொன்னவனே எண்ணிக்கையில் இருந்தால், நீ தோற்கும் முதல் ஆட்டத்திலேயே அப்பா கையால் வந்தவள் என்பார்கள் என்று தோன்றியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் தொத்திறைச்சிக் கடை குன்வோர் முழங்கையால் இடித்து, "தூக்குய்யா கையை, செத்துட்டியா?" என்றாள். நான் தூக்கவில்லை. உனக்கு நாற்பத்து நான்கு, எதிராக நாற்பத்து மூன்று. ரோலண்ட் மறுபடி எண்ணச் சொன்னார், மறுபடியும் அதேதான். ஒரு கை குறைந்திருந்தால் சமம், அப்போது தலைவர் கை தூக்கிய "வேண்டாம்" பக்கமே முடிவு சாய்ந்திருக்கும், என்னாலேயே நீ இழந்திருப்பாய். கையைத் தூக்காதது துணிவா பயமா என்று எனக்கு நிச்சயமில்லை. அம்மாவுக்கு நிச்சயம். "இருபத்திரண்டு வருஷமாத் தொறக்காத வாயைத் தொறந்தாச்சு, கைக்கு என்ன கேடு?" என்று கேட்டு, இரண்டு நாள் காப்பியை எனக்கு மட்டும் ஊற்றவில்லை.

ஆனால் மகளே, ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் சொல்வேன். அந்த நாற்பத்து நான்கில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. அத்தனையும் நீ சம்பாதித்தவை. கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போடும்போது என் பெயரை இவ்வளவு நேராக நான் எழுதியதே இல்லை.

வருவது உன் விருப்பம். வந்தால் முதல் வாரம் ஸ்டெல்லானோடு வாதாடாதே, அவர் தானே வழிக்கு வருவார். அணிச் சட்டைகளைத் துவைக்கும் முறைப் பட்டியலில் ஏப்ரல் முதல் வாரத்துக்கு அம்மா நம் வீட்டுப் பெயரை எழுதிவிட்டாள், உன்னைக் கேட்கவில்லை. முழங்காலுக்குப் பட்டை போட மறக்காதே, பனிக்காலணியும் கொண்டுவா, ஏப்ரலை நம்ப முடியாது. நீ போகும் மைதானமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும், உடம்பு நோகாமல் இரு. முதல் ஆட்டத்தன்று மைதானக் கோட்டுக்கு வெளியே நிற்கப் போகிறாய், பந்து உன்னிடம் வராது. நேரம் கிடைத்தால் ஒரே ஒரு முறை நான் நிற்கும் மேற்குப் பக்கம் திரும்பிப் பார். அன்று கையைத் தூக்குவேன்.

இருமுறை படித்துப் பார்த்தேன், நடந்தபடியே இருக்கிறது.

உன் அப்பா,
எவெர்ட்