மாமா எழுந்த இலை

மே 18, ஞாயிறு

போடிமெட்டு போகும் வழியில் ஒரு சின்ன மெஸ்ஸில் எல்லாரும் உட்கார்ந்தோம். இலை போட்டு இட்லியும் வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் என் மாமனார் வழக்கம்போலக் கடைக்காரரிடம், "ஏப்பா, நீங்கள்லாம் எந்த ஊரு, யாரு வகையறா?" என்று கேட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார். மாமா இலையைத் தொடாமலே எழுந்து, "பசி இல்ல. வெரசா கெளம்புங்க" என்றார்.

அந்தக் கடைக்காரர் என் சாதி. என்னைக் கட்டும்போது என் வீட்டுக்காரர், "தாய் தகப்பன் இல்லாத பொண்ணு, நம்ம ஆளுகதான்" என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தார். இன்று என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் எழுந்தேன்.

மலையில் இன்னும் மேலே வேறு கடை. மாமா தன் இலையிலிருந்த வடையைப் பிட்டு என் இலையில் வைத்தார். "பிள்ளைய பசியோட அலைய விட்டுட்டேன். சாப்பிடு ஆத்தா."

சாப்பிட்டேன். நல்லா இருக்கு மாமா என்றும் சொன்னேன்.