புள்ளி ஆறு

மாப்ள,

நேற்று மத்தியானம் பலகையில் பெயர் செதுக்குகிற உன் மெஷினின் மூடியைத் திறந்ததுமே கருகல் வாடை. மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற டிரைவர் போர்டு கருகிக் கிடந்தது. தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத சாமான்.

"பேரு கோணலா வந்துச்சுங்கண்ணா. மோட்டாரு ஒயரு லூசாட்டம் இருந்துச்சு, ஓடறப்பவே புடுங்கி மாட்டிப்போட்டேன்" என்றது உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி. ஓடும்போது பிடுங்கினால் போர்டு கருகத்தானே செய்யும்.

கருமத்தம்பட்டியில் மறுநாள் காலை ஒரு புதுமனை புகுவிழா. அந்த வீட்டு வாசலுக்கான பெயர்ப் பலகை அது. நீ கண்ணை மூடினபிறகு தங்கச்சி தனியாகப் பிடித்த முதல் ஆர்டர். காந்திபுரம் கடையில் போர்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்தது வர ஒரு வாரம் ஆகுமாம்.

புது போர்டை அப்படியே மாட்டி ஓட்ட முடியாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருக்கும் எள்ளளவு ஸ்க்ரூவைத் திருப்பிக் கரண்டை வைக்க வேண்டும். குறைந்தால் மோட்டார் திணறி எழுத்து நகர்ந்துவிடும். கூடினால் சூடேறிப் போகும். ஸ்க்ரூடிரைவர் கழுத்தில் மீட்டரின் சிவப்பு ஒயரைக் கவ்வவிட்டு நீ திருப்புவாய், நான் நம்பர் படிப்பேன். என் மூன்றாங்கிளாஸ் படிப்புக்கு அது போதும். புள்ளி ஆறு வந்ததும் நிறுத்த வேண்டும். உன் கை ஆடும்.

"தாலி கட்டறப்பக்கூட உன் கை இப்படி ஆடலியே மாப்ள" என்பேன்.

"வாய மூடீட்டு நம்பர மட்டும் சொல்றா" என்பாய்.

ஒருநாள் புள்ளி ஐந்தில் இருக்கும்போது, விளையாட்டுக்கு, "நம்பரு ரெண்டத் தாண்டிருச்சு" என்றேன். நீ திடுக்கிட்டதில் முனை வழுக்கி, டிக்கென்று ஒரு சத்தம். போர்டு போச்சு. நீ திட்டவில்லை. குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாய். அதற்கும் சிரித்தேன் பார், அதுதான் இப்போது உறுத்துகிறது.

நேற்று ஸ்க்ரூடிரைவர் என் கையில். மோட்டாரை மாட்டாமல் கரண்ட் கொடுத்தோம். தங்கச்சி நம்பர் படித்தது. புள்ளி மூன்று. புள்ளி நாலு. வேர்வை போர்டில் சொட்டிவிடுமோ என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

"பயமா இருக்குதுங்களாண்ணா?"

"ஆமா அம்மணி" என்றேன்.

"அவருக்கும் இப்படித்தானுங்க. ஆர்டரு வூட்ட உட்டுப் போறவரைக்கும் சோறு எறங்காதுங்க. உங்ககிட்டச் சொன்னாச் சிரிப்பீங்கன்னு சொல்ல மாட்டாருங்க."

மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். புள்ளி ஆறு என்றது. கையை எடுத்துவிட்டேன்.

கரண்டை நிறுத்தி, மோட்டாரை மாட்டி, வேறொரு பலகையை வைத்தோம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நான் மோட்டாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேர் நேராக வந்தது. தங்கச்சி அழுதுபோட்டது. நான் அப்போதும் மோட்டாரிலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்று காலை பலகை வாசலேறிவிட்டது. இனி மெஷின் நின்றால் தங்கச்சி என்னைத்தான் கூப்பிடும். ஃபோன் அடித்தாலே திக்கென்கிறது மாப்ள. ஆனாலும் அதன் சத்தத்தைக் குறைத்து வைக்க மனசு வரவில்லை.